நவீன இந்திய வரலாறு: எந்தப் புத்தகம் யாருக்கு?

சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்க உட்காருகிறவர்கள் நவீன வரலாற்றுக்கு மட்டும் நாலைந்து புத்தகங்களை வாங்கி அடுக்குகிறார்கள். ஒன்றைக்கூட இரண்டாம் முறை முழுதாகப் படிப்பதில்லை. அடிப்படைப் புத்தகம் ஒன்றே போதும். அது எது என்பதை நீங்கள் எழுதப்போகும் தேர்வுதான் தீர்மானிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வங்கப் பிரிவினையை எடுத்துக்கொள்வோம். 1905 அக்டோபர் 16 அன்று நடைமுறைக்கு வந்து, 1911இல் ரத்தான அது எல்லாப் புத்தகத்திலும் உண்டு.

சமச்சீர் பாடநூல்கள்

சுதேசி இயக்கத்தை வங்கத்தோடு முடிக்காமல் தூத்துக்குடிக்கும் கொண்டுவருபவை இவை. 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908இல் கோரல் மில் வேலைநிறுத்தம், அவர் கைதானதும் வெடித்த திருநெல்வேலி எழுச்சி எல்லாம் கோர்வையாகக் கிடைக்கும். டிஎன்பிஎஸ்சிக்கு இதைவிடப் பொருத்தமான நூல் இல்லை. பாடம் சிதறிக் கிடப்பதுதான் சிக்கல்: கம்பெனி ஆட்சி 11ஆம் வகுப்பின் கடைசிப் பாடங்களில், தேசிய இயக்கம் 12இல், தமிழகப் போராட்டங்கள் 10இல். மூன்றையும் சேர்த்து ஒரே காலவரிசையாக எழுதிக்கொண்டால் தீர்ந்தது.

ஸ்பெக்ட்ரம்

ராஜீவ் அஹிரின் இந்த நூல் பிரிலிம்ஸுக்கென்றே வடித்தது போல இருக்கும். கர்சனின் திட்டம், அந்நியத் துணி புறக்கணிப்பு, 1907 சூரத் பிளவு என்று எல்லாம் பாயிண்ட் பாயிண்டாக வரும். ரிவிஷனுக்கு வசதி. ஆனால் கதை தெரியாமல் முதல் வாசிப்பிலேயே இதைத் தொட்டால் பெயர்களும் ஆண்டுகளும் ஒன்றோடொன்று குழம்பும்.

பிபன் சந்திரா

இவர் பெயரில் இரண்டு புத்தகங்கள் புழங்குகின்றன. கடையில் மாற்றி வாங்கிவிடாதீர்கள். ஒன்று, பழைய என்சிஇஆர்டியின் 12ஆம் வகுப்பு ‘மாடர்ன் இந்தியா’. முகலாயர் வீழ்ச்சியில் தொடங்கும், நடை எளிது. இன்னொன்று, வேறு நான்கு ஆசிரியர்களோடு எழுதி 1988இல் வந்த ‘இந்தியாஸ் ஸ்ட்ரகிள் ஃபார் இண்டிபெண்டன்ஸ்’. இது 1857இல்தான் ஆரம்பிக்கிறது. பிளாசியும் 1793இன் நிரந்தர நிலவரித் திட்டமும் தேவையென்றால் வேறு நூலுக்குத்தான் போக வேண்டும். ஆனால் சுதேசி இயக்கம் மாணவர்களையும் பெண்களையும் ஈர்த்தும், முஸ்லிம் விவசாயிகளைத் திரளாக ஈர்க்க முடியாமல் போனது ஏன் என்று இது விளக்கும். மெயின்ஸ் கேட்பது அந்த ‘ஏன்’தான். காங்கிரஸை நடுநாயகமாக வைத்துப் பார்க்கும் நூல் என்பதை நினைவில் கொள்ளுங்கள். தலித்துகள், விவசாயிகள், பெண்கள் பக்கமிருந்தும் பார்க்க சேகர் பந்தோபாத்யாயாவின் ‘ஃபிரம் பிளாசி டு பார்ட்டிஷன்’ உதவும்.

உங்களுக்கு எது?

டிஎன்பிஎஸ்சி மட்டும்: சமச்சீர் நூல்களும் பழைய வினாத்தாள்களும். ஸ்பெக்ட்ரம் தேவையில்லை.

யுபிஎஸ்சி, வரலாறு புதிது: பழைய என்சிஇஆர்டியை ஒருமுறை கதைபோல வாசியுங்கள். பிறகு ஸ்பெக்ட்ரத்தை அடிப்படையாக வைத்து மூன்று முறையாவது படியுங்கள். பெரிய பிபன் சந்திராவை மெயின்ஸ் நெருங்கும்போது, தேர்ந்த அத்தியாயங்களுக்கு மட்டும்.

யுபிஎஸ்சி, தமிழ்வழி: மெயின்ஸைத் தமிழில் எழுதலாம், பிரிலிம்ஸ் வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். சமச்சீரின் தமிழ், ஆங்கிலப் பதிப்புகளை அருகருகே வைத்துத் தொடங்கி, சீக்கிரமே ஆங்கில நூலுக்கு மாறிவிடுங்கள்.

வரலாறு விருப்பப்பாடம்: பந்தோபாத்யாயாவும் சுமித் சர்க்காரின் ‘மாடர்ன் இந்தியா’வும் இல்லாமல் முடியாது.

புதுப் புத்தகம் வாங்கும் முன் ஒரு சோதனை: கடந்த ஐந்தாண்டு பிரிலிம்ஸின் நவீன வரலாற்றுக் கேள்விகளைக் கையிலிருக்கும் நூலில் தேடிப்பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு விடை இருந்தால் அதோடு நில்லுங்கள். 2020இல் சகாராம் கணேஷ் தேவுஸ்கரின் ‘தேஷேர் கதா’ பற்றிக் கேட்டார்கள். அப்படி ஒரு கேள்வியை விட்டால் போவது 2 மதிப்பெண். தப்பாக அடித்தால் இன்னொரு 0.66 கழியும். அந்த இரண்டு மதிப்பெண்ணைத் துரத்தி அறுநூறு பக்கப் புத்தகம் ஒன்றைத் தொடங்குவதைவிட, ஸ்பெக்ட்ரத்தின் நான்காம் வாசிப்பு அதிகம் ஈட்டித்தரும்.