பேலியோ தொடங்குபவர்கள் பால் குடிக்கலாமா?

உடல்நலப் பாடம்



ஜமுனாமரத்தூரிலும் மலையடிவாரத்து ஆலங்காயம் பக்கத்திலும் வாழும் நம் குடும்பங்களில், சர்க்கரை நோயாளி இல்லாத வீடு குறைந்துகொண்டே வருகிறது. நாட்டின் நிலையும் இதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. அதனால் சோற்றைக் குறைக்கும் 'பேலியோ', 'கீட்டோ' உணவுமுறைகளைப் பலர் கைப்பேசியில் பார்த்துத் தாமாகவே தொடங்கிவிடுகிறார்கள்.

அவர்கள் நம்மிடம் அதிகம் கேட்பது பாலைப் பற்றித்தான். "பால் குடிக்கலாம்" என்று ஒருவர் சொல்கிறார். "பால் கூடவே கூடாது" என்று இன்னொருவர் சொல்கிறார். "நெய் சாப்பிடச் சொல்கிறார்கள், பால் வேண்டாம் என்கிறார்கள். இரண்டும் ஒரே மாட்டிலிருந்துதானே வருகிறது?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்தப் பாடத்தில் அதற்கு விடை காண்போம்.

இரண்டு விதமாகச் சொல்லப்படுவது ஏன்?

மாவுச்சத்தைக் குறைத்து எடையைக் குறைப்பது புதிய வழி அல்ல. லண்டனில் வில்லியம் பேன்டிங் என்பவர் இம்முறையில் எடை குறைத்து, அந்த அனுபவத்தை 1863இல் சிறு நூலாக வெளியிட்டார். ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு பாலையும் வெண்ணெயையும் அவர் தவிர்த்தார். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் 1972இல் வெளியிட்ட நூலின் மூலம் இம்முறை உலகெங்கும் பரவியது. அவருடைய முறையில் முதல் 2 வாரம் ஒரு தனிக் கட்டம். அந்தக் கட்டத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 20 கிராம் மாவுச்சத்துதான். வெண்ணெயும் சீஸும் உண்டு, பால் கிடையாது. 2002இல் லோரன் கார்டெய்ன் எழுதிய பேலியோ நூலோ பால் பொருட்கள் எல்லாவற்றையும் விலக்கியது.

தமிழ்நாட்டில் நியாண்டர் செல்வன் அவர்களின் எழுத்தும், 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' முகநூல் குழுவும் இம்முறையைப் பரப்பின. சைவம் சாப்பிடுபவர்களும் பின்பற்ற வேண்டியிருந்ததால் இங்கே நெய், வெண்ணெய், பனீர், தயிர், அளவான பால் ஆகியவை சேர்க்கப்பட்டன. ஆக, பெயர் ஒன்றாக இருந்தாலும் பட்டியல்கள் வேறு. பெயரைப் பார்த்துக் குழம்புவதைவிடப் பாலில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே நல்லது.

பாலில் உள்ள சர்க்கரை எங்கே இருக்கிறது?

பாலில் இயற்கையாகவே 'லாக்டோஸ்' என்ற சர்க்கரை உண்டு. 100 மில்லி பாலில் சுமார் 5 கிராம் இருக்கும். இது பாலின் நீர்ப்பகுதியில் கரைந்திருக்கிறது, கொழுப்பில் இல்லை. ஒரு பால் பொருளிலிருந்து நீர் எவ்வளவு பிரிந்துபோகிறதோ, அதோடு லாக்டோஸும் அவ்வளவு போய்விடுகிறது. நெய்க்கும் பாலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

தோராயமான அளவுகளைக் கீழே தருகிறோம். 100 கிராம் அல்லது 100 மில்லிக்கு உள்ள மாவுச்சத்து:

- நெய்: இல்லை
- வெண்ணெய்: 1 கிராமுக்கும் குறைவு
- கட்டி சீஸ்: 1 முதல் 2 கிராம்
- பனீர்: 1 முதல் 4 கிராம்
- தயிர்: 3 முதல் 5 கிராம்
- பால்: சுமார் 5 கிராம்
- பால் பவுடர்: சுமார் 40 கிராம்
- டின்னில் வரும் இனிப்புப் பால்: 50 கிராமுக்கு மேல்

பால் பவுடரிலும் கோவாவிலும் நீர் ஆவியாகத்தான் போகிறது, லாக்டோஸ் அப்படியே தங்கிச் செறிந்துவிடுகிறது. எனவே "கெட்டியான பொருள் எல்லாம் பனீர் மாதிரிதான்" என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆவின் நீல பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. கொழுப்புதான் மாறுகிறது, லாக்டோஸ் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. "ஆரஞ்சுப் பால் வாங்கினால் பேலியோவுக்கு ஆகும்" என்பது சரியல்ல. மலையில் கறந்த பாலுக்கும் இதே கணக்குத்தான்.

டீயில் ஒளிந்திருக்கும் கணக்கு

நம் வீடுகளில் டம்ளர் நிறையப் பால் குடிப்பவர்கள் குறைவு. பால் டீயாகத்தான் உள்ளே போகிறது. ஒரு டீக்கு 100 மில்லி பால் என்று வைத்துக்கொண்டால் 5 கிராம் லாக்டோஸ். ஃபஜ்ருக்குப் பின் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, அஸருக்குப் பின் ஒன்று, விருந்தாளி வந்தால் இன்னொன்று என்று 4 டீ ஆகிவிடும். சர்க்கரை போடாமலே 20 கிராம். முதல் கட்டத்தின் ஒரு நாள் அளவு முழுவதும் டீயிலேயே முடிந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் சர்க்கரை போட்டால் மேலும் 30 கிராமுக்கு மேல் சேரும்.

"சோற்றையே விட்டுவிட்டேன், எடை அசையவில்லை" என்று சொல்பவர்கள் முதலில் டீயை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாலுக்கு வேறொரு குணமும் உண்டு. அது ரத்தச் சர்க்கரையை மெதுவாகத்தான் உயர்த்துகிறது. ஆனால் இன்சுலின் சுரப்பை எதிர்பார்ப்பதைவிட அதிகமாகத் தூண்டுகிறது என்று ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் காட்டினார்கள். முதல் இரண்டு வாரம் பாலை ஒதுக்கச் சொல்பவர்கள் இதையும் ஒரு காரணமாகக் கூறுகிறார்கள்.

தயிரும் மோரும்

பால் உறையும்போது லாக்டோஸின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் புளிப்பாக மாற்றிவிடுகின்றன. ஒரு சிறு கிண்ணத் தயிர் முதல் கட்டத்திலும் பலருக்கு ஒத்துவரும். அரைக் கிண்ணத் தயிரில் மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றிக் கடைந்த மோரில் சுமார் 2 கிராம் மாவுச்சத்துதான் இருக்கும்.

மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தில் உடலிலிருந்து நீரும் உப்பும் அதிகமாக வெளியேறும். தலைவலி, சோர்வு, எழுந்து நின்றால் தலைசுற்றல் எல்லாம் வரலாம். அப்போது உப்புப் போட்ட நீர்மோர் நல்ல துணை. ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடையில் பழச்சுவையோடு விற்கும் இனிப்புத் தயிரும் லஸ்ஸியும் இந்தக் கணக்கில் வராது. அவற்றில் சர்க்கரை சேர்க்கப்பட்டிருக்கிறது.

பனீர், சீஸ்: ஹலால் பற்றிய கேள்வி

பனீர் எலுமிச்சைச் சாறு, வினிகர் போன்ற புளிப்பால் திரிக்கப்படுவது. அதில் ஐயத்துக்கு இடமில்லை. வீட்டிலேயே செய்யலாம். 1 லிட்டர் பாலில் 150 முதல் 200 கிராம் வரை கிடைக்கும். வடியும் தண்ணீரில்தான் லாக்டோஸ் பெரும்பகுதி போகிறது. பேலியோவில் இருப்பவர் அதைக் குடிக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சப்பாத்தி மாவு பிசையப் பயன்படுத்தலாம்.

சீஸைத் திரிக்க 'ரென்னெட்' என்ற பொருள் சேர்ப்பார்கள். அது கன்றின் வயிற்றிலிருந்தும் எடுக்கப்படலாம், நுண்ணுயிரிலிருந்தும் தயாரிக்கப்படலாம். இந்தியாவில் விற்கும் பாக்கெட்டில் பச்சை நிறச் சைவக் குறி இருந்தால் கன்றின் ரென்னெட் அதில் இல்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் சீஸில் மட்டும் அட்டையைப் படித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் மஹல்லா இமாமிடம் கேளுங்கள்.

நெய்க்கும் அளவு உண்டு

நெய்யில் மாவுச்சத்து இல்லை என்பதால் அள்ளி ஊற்றலாம் என்று பொருள் அல்ல. ஒரு மேசைக்கரண்டி நெய்யில் சுமார் 130 கலோரி இருக்கிறது. 100 கிராம் பனீரில் 250க்கு மேல். சமைக்கவும் சுவைக்கவும் போதுமான அளவே சேர்க்க வேண்டும். சிலருக்கு இந்த உணவுமுறையில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். உயர்கிறது. மாரடைப்பு வந்தவர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நெய்யையும் வெண்ணெயையும் கூட்டக் கூடாது.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் படிக்க

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான்.

இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் அதே அளவு மருந்தோடு சோற்றையும் பாலையும் திடீரென நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கடும் பசி, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை அடையாளங்கள். சர்க்கரை 70க்குக் கீழே போனால் உணவுமுறையைப் பார்க்காதீர்கள். உடனே 3 ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. உடனே 108க்கு அழையுங்கள். நாம் இருப்பது மலை. பெரிய மருத்துவமனைக்குத் திருப்பத்தூர், போளூர் அல்லது வேலூருக்கு இறங்க வேண்டும். நேரம் ஆகும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆகவே மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், "நான் இந்த உணவுமுறையைத் தொடங்கலாமா, மருந்தை எவ்வளவு குறைக்க வேண்டும்?" என்று கேட்ட பிறகே தொடங்குங்கள். நீங்களாகவே மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரக நோயாளிகள், சிறு வயதிலேயே இன்சுலினுக்கு வந்த முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு இது தாமாகத் தொடங்கும் உணவுமுறை அல்ல. வாப்பா பாலை விட்டார் என்பதற்காகப் பிள்ளைகளின் பாலை நிறுத்திவிடாதீர்கள். வளரும் பிள்ளைகளுக்கு அது தேவை.

ரமளானிலும் தொடங்க வேண்டாம். நோன்பு, மருந்து நேர மாற்றம், புதிய உணவு மூன்றும் ஒன்றுசேர்ந்தால் உடல் தாங்காது. ஷவ்வாலுக்குப் பிறகு நிதானமாகத் தொடங்கலாம்.

பாலை ஒதுக்குவது தவறா?

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 66ஆம் வசனம் பாலை அல்லாஹ்வின் அருட்கொடையாகக் கூறுகிறது, அதை விடலாமா என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். ஹலாலான ஒன்றை ஹராம் என்று சொல்வது வேறு, உடல்நலத்துக்காகச் சில நாட்கள் ஒதுக்கி வைப்பது வேறு. மருத்துவர் சொன்னதற்காக உப்பைக் குறைப்பது போன்றதுதான் இது.

அதே அத்தியாயத்தின் 69ஆம் வசனம் தேனில் நிவாரணம் உண்டென்று கூறுகிறது. நம் மலைத்தேனும் சிறந்ததுதான். ஆனால் தேனில் 100 கிராமுக்குச் சுமார் 80 கிராம் சர்க்கரை இருப்பதால் முதல் கட்டத்தில் டீக்குத் தேன் சேர்ப்பது உதவாது. நம் சாமையும் சத்தான தானியமே. ஆனால் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. அரிசியை விட்டுச் சாமைக்கு மாறுவது வேறு, பேலியோ வேறு.

முதல் இரண்டு வாரத்துக்கான வழி

1. தொடங்கும் முன் எடை, இடுப்பளவு, வெறும்வயிற்றுச் சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

2. பால், பால் டீ, பால் பவுடர், பால் இனிப்புகளை 14 நாட்கள் நிறுத்துங்கள். சர்க்கரை இல்லாத வரடீ, சுக்கு நீர், எலுமிச்சை போட்ட உப்பு நீர் குடிக்கலாம்.

3. நெய், வெண்ணெய் சமையல் அளவுக்கு. பனீர் நாளைக்கு 100 கிராமுக்குள். முட்டை, மீன், கறி சாப்பிடுபவர்களுக்குப் பனீர் கட்டாயமில்லை.

4. தயிர் ஒரு சிறு கிண்ணம், அல்லது மோர் இரண்டு டம்ளர்.

5. இரண்டு வாரம் பால் இல்லாவிட்டால் எலும்பு தேய்ந்துவிடாது. நெத்திலி, எள், முருங்கைக்கீரை ஆகியவற்றில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.

6. 15ஆம் நாள் ஒரு வேளை மட்டும் பால் சேர்த்துப் பாருங்கள். மூன்று நாள் கவனியுங்கள். வயிறு உப்புசம், பேதி வந்தால் லாக்டோஸ் உங்களுக்குச் செரிக்கவில்லை என்று இருக்கலாம். நம் நாட்டில் இது பரவலாக உள்ளதுதான். சர்க்கரை அளவும் எடையும் நிலையாக இருந்தால் அந்த ஒரு வேளைப் பாலைத் தொடரலாம்.

இந்த உணவுமுறையால் முதல் 6 மாதத்தில் கிடைக்கும் நன்மை ஓராண்டில் குறைந்துவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பாலோர் தொடர முடியாமல் விட்டுவிடுவது ஒரு முக்கியக் காரணம். எனவே உங்கள் வீட்டு அடுப்புக்கும் வருமானத்துக்கும் ஒத்துவருவதையே தேர்ந்தெடுங்கள். பனீரும் பாதாமும் வாங்கக் கடன்பட வேண்டாம். டீயில் சர்க்கரையை விட்டு, நான்கு டீயை ஒன்றாகக் குறைத்து, சோற்றைப் பாதியாக்கி, மஃரிபுக்குப் பின் அரை மணி நேரம் நடந்தாலே பலருக்குப் பெரிய மாற்றம் தெரியும்.

வீட்டில் கலந்து பேச

- நம் வீட்டில் ஒரு நாளைக்கு ஒருவர் எத்தனை டீ குடிக்கிறோம்? அதில் பால் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு?
- நம் வீட்டுச் சர்க்கரை நோயாளி சாப்பிடும் மாத்திரையின் பெயர் எல்லோருக்கும் தெரியுமா?
- சர்க்கரை திடீரென இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அறிந்து உண்போம், அளவோடு உண்போம். நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக, ஆமீன்.

செயலாளர்