கால்கட்டுப் போட்டால் தெளிந்துவிடுமா?

தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் வரதய்யபாளையம், சத்தியவேடு பிரதேசத்தில் ஜனங்களுக்குள் பாஷை பேதம் உண்டேயொழிய, வாலிபப் பிராயத்துப் பிள்ளைகளின் மனோவியாதியைப் பற்றிய அபிப்பிராய பேதம் அதிகமில்லை; இரு சாராரும் ஒரே குரலில் சொல்லும் முதல் சமாதானம், “வயசுக் கோளாறு, போகப் போகச் சரியாகிவிடும்” என்பது.

மனோவியாதிகளில் ஏறத்தாழப் பாதி 18 வயது நிறைவதற்குள்ளேயே தலைகாட்டிவிடுகின்றன என்பதே வைத்திய சாஸ்திரம் கண்ட உண்மை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16 இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய ஆய்வு, 13 முதல் 17 வயதுள்ளோரில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் ஏதேனுமொரு மனக்கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டது. ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது பருவத்தின் இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேலாக உறக்கம் கெட்டு, உணவில் விருப்பமற்று, விளையாட்டும் சிநேகிதமும் கசந்து, பாடத்தில் திடீரென்று பின்தங்கி, காரணம் புலப்படாத தலைவலியையும் வயிற்றுவலியையும் அடிக்கடி சொல்லிக்கொண்டு ஒரு பிள்ளை ஒடுங்குமாயின், வைத்தியரிடம் அழைத்துப் போவதே விவேகம். மனச்சோர்வு என்றால் அழுகைதான் என்று எண்ணியிருக்கும் தகப்பனார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இந்தப் பிராயத்தில் அது பல சமயம் சிடுசிடுப்பாகவும் கோபமாகவும் வெளிப்பட்டு, திமிர் என்று பெயர் வாங்கிக்கொண்டு, உதையும் வாங்கிக்கொள்கிறது.

“கால்கட்டுப் போட்டால் தெளிந்துவிடும்” என்பது வயசுக் கோளாறு என்னும் சமாதானத்தைக் காட்டிலும் அனர்த்தகரமான நம்பிக்கை. யாருமில்லாத அறையில் குரல் கேட்பதும், வீட்டாரே சோற்றில் விஷம் வைப்பதாகச் சந்தேகிப்பதுமான சித்தப்பிரமை, அதாவது ஸ்கிசோஃப்ரினியா, பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலிருந்து முப்பதுக்குள் ஆரம்பிக்கிறது. நம்மவர் வரன் பார்க்கும் வயதும் அதுவே. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984 இல் தோற்றுவித்த ஸ்கார்ஃப் நிறுவனத்தார், இந்நோயுற்றுக் கணவரைப் பிரிந்த பெண்களைப் பற்றி ஆராய்ந்து 2003 இல் வெளியிட்ட கட்டுரையில், வியாதியால் வந்த அவமானத்தைக் காட்டிலும் வாழாவெட்டி என்னும் அவமானமே அக்குடும்பங்களைப் பெரிதும் வாட்டியதாகக் கண்டார்கள். மகளை எப்படியேனும் கரையேற்ற நினைத்த பெற்றோரை நிந்திக்க நான் வரவில்லை. ஆயினும் சிகிச்சை தாமதிக்கத் தாமதிக்கக் குணம் காண்பது கடினமாகும் நோய்க்கு, முதல் மாதங்களை முகூர்த்தம் பார்ப்பதில் கழிப்பது பெருநஷ்டம்.

பேய் பிடித்ததென்று மந்திரிக்கவும் கட்டிவைக்கவும் செய்வோர்க்கு ஏர்வாடியை நினைவூட்டினால் போதும். அங்கே 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் தனியார் காப்பகமொன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். சங்கிலியிடுவதை 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுத்துவிட்டது. பிரார்த்தனையை யாரும் தடுக்கவில்லை. அவ்வூர்த் தர்காவிலேயே பிற்பாடு அரசாங்க வைத்தியமும் துவாவும் சேர்ந்து நடக்க ஏற்பாடாயிற்று.

இனி, “சாகத் தோன்றுகிறதா என்று கேட்டால் நாமே அந்த எண்ணத்தை ஊட்டியதாகும்” என்ற அச்சம். நிதானமாகவும் அன்பாகவும் கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாவதில்லை. உள்ளே புழுங்கிக்கொண்டிருந்ததைச் சொல்ல வழி கிடைக்கிறது. அப்படிச் சொன்ன பிள்ளையைத் தனியே விடாமல் உடனே வைத்தியரிடம் சேர்க்க வேண்டும். மருந்து பழக்கமாகிவிடும் என்ற அச்சமும் வேண்டாம்; மனச்சோர்வுக்கு வைத்தியர் வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள் போதை வஸ்துக்கள் அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும், தாமாக நிறுத்தலாகாது, அவ்வளவே.

வரதய்யபாளையத்தார் ஸ்ரீகாளஹஸ்தி வழியே திருப்பதி ருயா அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். தடா வழியே சென்னை சென்றால், 1794 முதல் வரலாறுடைய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. பஸ் ஏறத் தயங்குவோர், 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசாங்கம் ஆரம்பித்த டெலி மானஸ் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம்.