இளஞ்சிவப்பு ரோஜா: சரக்கை அறிந்து விலை பேசுவோம்

சரக்கை அறியாதவன் முதலை இழப்பான் என்று வாப்பா அடிக்கடி சொல்வார். அதை எனக்குப் புரிய வைத்தது ஒரு ரோஜாப்பூ.

ஹற்றனில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்து வந்த நான், கொழும்பில் ஒரு கல்யாணத்துக்காக நுவரெலியாப் பக்கம் 600 இளஞ்சிவப்பு ரோஜாக்கள் வாங்கினேன். நான் சொன்னபடியே மத்தியானம் பறித்துத் தந்தார்கள். பழுத்த பேரிக்காய்ப் பெட்டிகளோடு சேர்த்து லொறியில் ஏற்றினேன். விடியும்போது இதழ்கள் உதிர்ந்து கிடந்தன. முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். லயத்தோரம் பூ வளர்த்த குடும்பங்களுக்கும் பேசிய காசைக் கொடுத்தேன், பிழை என்னுடையது. மிஞ்சிய இதழ்களில் பன்னீர் வடித்துப் பார்த்தேன். வாசமே இல்லை!

அதன் பிறகு கற்றுக்கொண்டவை இவை:

1. நிறமே முதல் விற்பனையாளன். சிவப்பு காதலைச் சொல்லும். வெள்ளை நம் நாட்டில் மரண வீட்டை நினைவூட்டும். இளஞ்சிவப்போ கல்யாணம், நோயாளி நலம் விசாரித்தல், ஆசிரியருக்கு நன்றி என எல்லாவற்றுக்கும் பொருந்தும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிர் இந்த நிறத்தை இன்னும் ஆழமாக்குகிறது.

2. பூச்சாடி ரோஜா வேறு, பன்னீர் ரோஜா வேறு. முன்னையது பல நாள் வாடாதிருக்க உருவாக்கப்பட்டது. பெரும்பாலும் வாசம் குறைவு. தாயிப், துருக்கியின் இஸ்பார்ட்டா, இந்தியாவின் கன்னௌஜ் ஆகிய ஊர்களில் வடிப்பது டமாஸ்க் ரோஜாவை. அதிகாலையில் பறித்த பூ ஏறத்தாழ 3 முதல் 4 தொன் இருந்தால்தான் ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கும்.

3. பூச்சாடிக்கான பூவை மொட்டு விரியத் தொடங்கும்போதே, காலைக் குளிரில் வெட்டி, உடனே தண்ணீரில் வைக்க வேண்டும். பழங்களோடு ஏற்றவே கூடாது. பழம் வெளியிடும் எதிலீன் வாயு பூவை விரைவில் வாட்டிவிடும்.

4. மருந்தடித்த பூவை குல்கந்துக்கோ பலூடாவுக்கோ எடுக்கக் கூடாது. எசன்ஸ் கலந்த தண்ணீரை அசல் பன்னீர் என்று விற்பதும் மோசடியே. கல்யாண மண்டபத்தில் பன்னீர் தெளிப்பவர் நம்மை நம்பித்தான் போத்தலை வாங்குகிறார்.

இன்று நான் முதலில் கேட்பது, "இந்தப் பூ எதற்கு?" என்பதுதான். விலை பேசுவது அதற்குப் பிறகுதான். நீங்கள் விற்கும் சரக்கு எதுவானாலும் இந்தக் கேள்வியை முதலில் கேட்டுப் பாருங்கள். நான் கட்டிய நஷ்டம் உங்களுக்கு வராது.