பித்தளை டோக்கனும் குக்கியும்

காசோலையை நீட்டியதும் எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்றை வங்கியில் கொடுத்த காலத்தை மூத்த வாடிக்கையாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கையொப்பம் சரிபார்க்கப்படுவது ஒரு மேசையில். பணம் வழங்கப்படுவது வேறொரு மேசையில். இடையில் நமக்கு அடையாளம் அந்த டோக்கனே.

இணையத்திலும் இதுவே நடக்கிறது. இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒவ்வொரு சொடுக்கும் அதற்குப் புதிய ஆளின் வருகைதான். இக்குறையைப் போக்க, 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மொண்டுல்லி குக்கி என்னும் சிறு குறிப்பை வகுத்தார். நாம் கடவுச்சொல்லைத் தந்து உள்ளே நுழைந்ததும், எவராலும் ஊகிக்க இயலாத நீண்ட எண்ணொன்றைத் தளத்தின் கணினி நம் உலாவிக்கு அனுப்புகிறது. அதன்பின் ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் உலாவி அவ்வெண்ணைக் காட்டுகிறது. கடவுச்சொல் மீண்டும் கேட்கப்படுவதில்லை. எண்ணைக் கொண்டுவருபவரே கணக்குக்குரியவர்!

மட்டாஞ்சேரியில் மிளகு வணிகம் செய்யும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், நண்பரின் கடைக் கணினியில் ஒரு வணிகத் தளத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடி எழுந்தார். சற்று நேரத்தில் அதே முகவரியைத் திறந்த கடைப் பையன் முன் அவருடைய கொள்முதல் விலைகள் விரிந்தன. விலையை வெளியில் சொல்லாததே அத்தொழிலின் பாதி. “மூடிவிட்டேனே சார், போதாதா?” என்றார் எங்களிடம். போதாது. பக்கத்தை மூடுவது டோக்கனை மேசைமேல் விட்டு வருவதாகும். ‘வெளியேறு’ என்பதை அழுத்தினால்தான் தளம் அந்த எண்ணை ரத்து செய்யும்.

2010 அக்டோபரில் வெளியான ஃபயர்ஷீப் என்னும் மென்பொருள், கடவுச்சொல் இல்லாத பொது வைஃபையில் பிறர் குக்கிகளைப் பறித்து, அவர்கள் கணக்குகளுக்குள் எளிதில் நுழைய முடியும் என்று காட்டியது. குக்கி செல்லும் வழி முழுவதும் மறையாக்கப்பட வேண்டியதன் காரணம் அதுவே.

சில நிமிடங்கள் வாளாவிருந்தால் வங்கித் தளம் நம்மை வெளியேற்றுவது பலருக்கு எரிச்சலூட்டுகிறது. தவறிய டோக்கன் நெடுநேரம் செல்லுபடியாகக் கூடாது என்பதே நோக்கம். பணம் அனுப்பும்போது ஓ.டி.பி. கேட்பதும் புதிதன்று; டோக்கனை வாங்கிய காசாளர் “தொகை எவ்வளவு?” என்று கேட்டுவிட்டுத்தானே பணத்தை எண்ணினார்.

மிளகு வணிகர் மீண்டும் அக்கடைக்குச் செல்ல நேரவில்லை. எங்கள் முன்னிலையிலேயே தம் கைப்பேசியில் அத்தளத்தின் அமைப்புகளைத் திறந்து, ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்தினார்.