நம்பிக்கைகளும் உண்மைகளும்: தாங்கிக்கொள்கிறவர்களின் பிரஷர்

அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு ரத்தக் கொதிப்பு அதிகம். வெள்ளையரைவிட இளம் வயதிலேயே வருகிறது. பக்கவாதமும் சிறுநீரகக் கோளாறும் அதன் பின்னாலேயே வந்து நிற்கின்றன. இதுவரை யாருக்கும் சந்தேகமில்லை. ஏன் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கதை.

நம்பிக்கை: அது பரம்பரை ரத்தம்.

இதற்கு ஒரு கப்பல் கதையும் உண்டு. அடிமைக் கப்பல்களில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்களில், உடம்பில் உப்பைத் தக்கவைக்கும் வாகு உள்ளவர்களே தாகத்தையும் பேதியையும் தாண்டிப் பிழைத்தார்களாம். அந்த வாகுதான் பேரப்பிள்ளைகளுக்குப் பிரஷராக வந்து சேர்ந்ததாம். கேட்கக் கச்சிதமாகத்தான் இருக்கிறது. அடிமை வணிகத்தின் வரலாற்றை ஆராய்ந்த ஃபிலிப் கர்டின், இதற்குச் சரித்திரச் சான்று இல்லை என்று 1992இல் தள்ளிவிட்டார்.

1997இல் ரிச்சர்ட் கூப்பர் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதம், கரீபியன் தீவுகளில் 26, அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் 33. கரீபியனில் இருப்பவர்களும் கப்பலில் வந்தவர்களின் வாரிசுகள்தாம். கதை சரியென்றால் கடைசி இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒத்துப்போயிருக்க வேண்டும். 2005இல் வெள்ளையரையும் சேர்த்து ஒப்பிட்டபோது, ஜெர்மானியர்களின் விகிதம் அமெரிக்கக் கறுப்பினத்தவருடையதையே தாண்டியது! உடல் எடைக்கும் சாப்பாட்டு உப்புக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. எல்லாப் பழியையும் இனவெறியின் தலையில் கட்டவும் முடியாது. தோல் நிறமே தலையெழுத்து என்கிற பேச்சுதான் எடுபடவில்லை.

நம்பிக்கை: படித்து, வசதி வந்தால் சரியாகிவிடும்.

கொஞ்சம் சரியாகும். ஆனால் பிரஷருக்கு அப்பால், 2007 முதல் 2016 வரையிலான இன்னொரு அமெரிக்க அரசுக் கணக்கைப் பாருங்கள். கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் நேரும் மரணங்களில், கல்லூரிப் படிப்பை முடித்த கறுப்பினப் பெண்களின் விகிதம், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்களுடையதைப்போல் 1.6 மடங்கு. பட்டம் வாங்கியும் இந்த நிலை.

நம்பிக்கை: மனத்திடம் உள்ளவரை அவமானம் ஒன்றும் செய்யாது.

நம்மில் பலருக்கும் பிடித்த நம்பிக்கை இது. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தவர்களைத்தானே மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்துகிறோம்?

ஷெர்மன் ஜேம்ஸ் என்ற கறுப்பினத் தொற்றுநோயியல் அறிஞர் 1970களின் பிற்பகுதியில் வட கரோலினாவில் ஒரு முதிய விவசாயியைச் சந்தித்தார். விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தை உழுத குடும்பம். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. எழுதப் படிக்கத் தானே கற்றுக்கொண்டவர். அந்த ஊரில் அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினத்தவர் சொந்த நிலம் வாங்குவதே பெரும்பாடு. இவரோ இரவு பகலாக உழைத்து, நாற்பது வயதுக்குள் 75 ஏக்கரைக் கடனில்லாமல் தன் பெயருக்குக் கொண்டுவந்துவிட்டார். ஐம்பதுகளில் ரத்தக் கொதிப்பு, மூட்டுவாதம், குடற்புண். புண் முற்றி, இரைப்பையில் 40 சதவீதத்தை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

பேசிக்கொண்டிருக்கும்போது மனைவி உள்ளிருந்து சாப்பிடக் கூப்பிட்டார், "ஜான் ஹென்றி" என்று. ஜேம்ஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அமெரிக்க நாட்டுப்புறக் கதைகளில் அந்தப் பெயரில் ஒரு மாவீரன் உண்டு: ரயில் சுரங்கம் தோண்டும் இடத்தில், சம்மட்டியோடு நீராவித் துளைக் கருவியை எதிர்த்து நின்று ஜெயித்து, ஜெயித்த கையோடு விழுந்து செத்தவன்.

எதிர்ப்பு வந்தால் இன்னும் இரண்டு மடங்கு உழைப்பேன் என்கிற குணத்துக்கு ஜேம்ஸ் அந்தப் பெயரையே வைத்தார். அதை அளக்கக் கேள்விகள் தயாரித்தார். 1983இல் வெளியான ஆய்வில் 132 கறுப்பின ஆண்கள். படிப்பு குறைவாகவும் இந்த வைராக்கியம் அதிகமாகவும் இருந்தவர்களிடம் டயஸ்டாலிக், அதாவது கீழ் பிரஷர், கூடுதலாக இருந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இதையே சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் ஜேம்ஸின் வாதம் இது: வைராக்கியத்துக்குப் பின்னால் பணமும் ஆள்பலமும் இல்லாதவர்தான் அதன் விலையை உடம்பால் கட்டுகிறார்.

உடம்பின் கணக்கு எளிது. ஆபத்து என்று மூளை நினைத்தால் அட்ரினலினும் கார்டிசோலும் சுரக்கின்றன, நாடி எகிறுகிறது, ரத்த நாளங்கள் இறுகுகின்றன. பாம்பைக் கண்டு ஓடுவதற்கு இது போதும். சற்று நேரத்தில் அடங்கிவிடும். கறுப்பினத்தவர் என்பதற்காகவே, கடைக்குள் போகும்போதெல்லாம் காவலாளி சந்தேகத்தோடு பின்னாலேயே வந்தால் எப்போது அடங்குவது? அடங்காமலே ஆண்டுக்கணக்கில் ஓடினால் ஏற்படும் தேய்மானத்துக்கு ‘அலோஸ்டேடிக் சுமை’ என்று 1993இல் புரூஸ் மெக்ஈவன், எலியட் ஸ்டெல்லார் என்ற ஆய்வாளர்கள் பெயரிட்டார்கள்.

நம்பிக்கை: காரணம் சமூகத்தில் என்றால் மாத்திரையால் பயனில்லை.

பயன் உண்டு, கொண்டுபோய்க் கொடுக்கும் விதத்தில் கொடுத்தால். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ரொனால்ட் விக்டர் என்ற இதய மருத்துவர், ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, கறுப்பின ஆண்கள் வாடிக்கையாக வரும் சலூன்களைத் தேடிப் போனார். 52 சலூன்கள், 319 பேர். ஒரு பிரிவில் மருந்தாளுநர்களே கடைக்கு வந்து பிரஷர் பார்த்து, மருத்துவர்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மாத்திரையும் எழுதினார்கள். இன்னொரு பிரிவில் டாக்டரைப் பாருங்கள், உப்பைக் குறையுங்கள் என்று முடிவெட்டுபவர் சொல்வதோடு சரி. 2018இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் மேல் பிரஷர் முதல் பிரிவில் சராசரியாக 27 புள்ளி இறங்கியிருந்தது. அறிவுரை மட்டும் கேட்டவர்களுக்கு 9.