பியூஸ் மாத்தினா மட்டும் போதாது

இந்த எபிசோட்ல சொன்ன கேஸை எழுத்தில விரிவாப் பார்ப்போம். காரில வைக்கிற 12 வோல்ட், 600 வாட் இன்வேர்ட்டர். பற்றரி வயரை யாரோ மாறிக் கொழுவிட்டாங்க. பியூஸ் போச்சு. புதுசு போட்டதும் அதுவும் டப்பெண்டு போச்சு. மூன்றாவது பியூஸுக்குக் காசு செலவழிக்காதீங்க, உள்ளுக்குள்ள ஷோர்ட் இருக்கு.

உள்ளே இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் 12 வோல்ட்டைச் சில மொஸ்பெற்கள் செக்கனுக்குப் பல ஆயிரம் தரம் வெட்டி, சின்ன பெரைட் ரான்ஸ்போமருக்குள்ளால 300 வோல்ட்டுக்கு மேல ஏத்தும். இரண்டாவது கட்டத்தில் இன்னும் நாலு மொஸ்பெற்கள் அந்த டிசியை 50 ஹேர்ட்ஸ் ஏசியாகப் புரட்டும். எங்கட கேஸில் அடி வாங்கினது முதல் கட்டம். ஏனெண்டால் ஒவ்வொரு மொஸ்பெற்றுக்குள்ளும் இயல்பாவே ஒரு டயோட் இருக்கு. வயரைச் சரியாக் கொழுவினா அது பேசாம இருக்கும். மாறிக் கொழுவினா அது திறந்து, பற்றரியின் முழுக் கரண்டும் அதுக்குள்ளால பாயும். பியூஸ் முந்தினால் தப்பலாம். பிந்தினால் மொஸ்பெற் காலி.

திறக்க முன்னம் பற்றரியைக் கழட்டுங்க. அது மட்டும் காணாது. 300 வோல்ட் பக்கத்தில நிக்கிற பெரிய கப்பாசிற்றர் கழட்டின பிறகும் சார்ஜ் வைத்திருக்கும். மீற்றரை வைத்துப் பாருங்க. மிச்சம் இருந்தால் 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்ரரை இன்சுலேஷன் பிடியோட குறுக்கே பிடிச்சு, மீற்றர் பூச்சியத்துக்குக் கிட்ட வரும்வரை வெளியேத்துங்க. ஸ்குறூட்றைவரால ஷோர்ட் பண்ணுற வீரத்தனம் வேண்டாம். இந்த வோல்ட்டேஜ் ஆளைக் கொல்லும்.

இப்ப ஆக்கள் அதிகமாக் குழம்புற இடம். மொஸ்பெற்களின் ட்ரெயினுக்கும் சோர்சுக்கும் இடையில அளந்தால் எல்லாமே பூச்சியம் ஓம் காட்டும். எல்லாம் செத்திட்டுது எண்டு நினைக்க வேண்டாம்! ஒரு பக்கத்து மொஸ்பெற்கள் சமாந்தரமாக் கொழுவியிருக்கு. மற்றப் பக்கத்தோட அவற்றை இணைக்கிறது ரான்ஸ்போமரின் தடிச்ச சுற்று, அதுக்கும் ரெசிஸ்டன்ஸ் இல்லாத மாதிரித்தான். ஒண்டு ஷோர்ட் ஆனாலே போதும், எல்லாம் ஷோர்ட் போலத் தெரியும். ஆகவே ஒவ்வொண்டாக் கழட்டித் தனியா அளக்கணும். நல்ல மொஸ்பெற்றில் கேற்றையும் சோர்சையும் ஒருக்காத் தொடுத்துவிட்டு டயோட் மோட்டில வைத்தால், ட்ரெயினுக்கும் சோர்சுக்கும் இடையில ஒரு திசையில 0.5 வோல்ட் அளவு காட்டும், மறுதிசையில ஒண்டும் காட்டாது. கேற்றில் எந்தத் திசையிலும் ஒண்டும் வரக் கூடாது.

ஒண்டு செத்திருந்தாலும் முழுத் தொகுதியையும் மாத்துங்க, மிஞ்சினவையும் அடி வாங்கினவைதான். ஐஆர்எஃப்3205 இந்த வகைகளில் அடிக்கடி வரும். அதன் போலிகளும் சந்தையில உலாவுது, மலிவான விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். கேற் ரெசிஸ்ரர்களையும் அளவுங்க, ஒண்டு மற்றதுகளோட ஒத்துப் போகாட்டி மாத்துங்க. 12 வோல்ட் பக்கத்து எலெக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றர்களும் தலைகீழா வோல்ட்டேஜ் வாங்கியிருக்கு, அதுகளும் புதுசாகட்டும்.

புது மொஸ்பெற்றைப் போட முன்னம், கன்ட்ரோல் ஐசி உயிரோட இருக்கா எண்டு பார்க்கணும். பற்றரிக்கும் போர்ட்டுக்கும் இடையில 12 வோல்ட், 21 வாட் கார் பல்ப் ஒண்டைத் தொடர்ச்சியாக் கொழுவுங்க. ஏதாவது ஷோர்ட் இருந்தால் பல்ப் எரியும், கரண்ட் 2 ஆம்பியரைத் தாண்டாது. இரண்டு பக்கக் கேற் இடங்களிலும் டிசி வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட ஒரே அளவா, சப்ளையின் பாதிக்குக் கொஞ்சம் குறைவா வந்தால் நல்லம். ஒரு பக்கம் மட்டும் பூச்சியம் எண்டால் ட்ரைவர் ட்ரான்சிஸ்ரரைத் தேடுங்க. எல்லாம் சரியெண்டா மொஸ்பெற்களை ஒட்டி, அதே பல்ப்போட மறுபடி. பல்ப் ஒருக்கா மின்னி மங்கினால் ஷோர்ட் போச்சு, பல்பைக் கழட்டிச் சரியான பியூஸோட நேரே கொடுக்கலாம்.

கடைசியா ஒரு பொறி. வெளியீட்டில சாதாரண மீற்றர் 180 வோல்ட் காட்டினால் பதற வேண்டாம். மலிவான இன்வேர்ட்டர் தருவது சைன் அலை இல்லை, படிபோன்ற சதுர அலை. சாதாரண மீற்றர் சைன் எண்டு நினைச்சுக் கணக்குப் போடும். 325 வோல்ட் உச்சத்தில் பாதி நேரம் நிக்கும் அலையின் உண்மை மதிப்பு 230, அந்த மீற்றர் காட்டுவது 180. அதைப் பார்த்து உள்ளே இருக்கிற ட்றிம்மரைத் திருப்பிடாதீங்க. ட்ரூ ஆர்எம்எஸ் மீற்றர் ஒண்டை யாரிடமாவது கடன் வாங்கிப் பாருங்க, பிறகு 40 வாட் இழை பல்ப்பை ஏத்தி இருபது நிமிஷம் விட்டுப் பாருங்க. பிரிட்ஜ் அதுக்குப் பிறகு.