புயல் அறிவிப்பு வந்தவுடன்

வங்கக் கடலில் உருவான புயல் கரையை நெருங்குமாயின், வானிலை நிலையத்தார் சுமார் 48 மணி நேரத்துக்கு முன்பே உஷார் அறிவிப்பும், 24 மணி நேரத்துக்கு முன்பு எச்சரிக்கையும் வெளியிடுவது வழக்கமாதலால், நாகை, வேதாரண்யம் முதலிய கடலோரக் குப்பங்களில் வாழ்வோர் காற்று எழும்வரை காத்திராமல், முதல் அறிவிப்பு வந்த அன்றே காரியத்தைத் தொடங்குவது உசிதம்.

ரேஷன் கார்டு, பட்டா, வங்கிப் பாஸ்புத்தகம், படகின் பதிவுச் சான்று ஆகியவற்றைத் தடித்த பிளாஸ்டிக் உறையிலிட்டு, வாயை இறுகக் கட்டி, வெளியேறும்போது கையோடு செல்லும் பையில் வைத்துவிட வேண்டும். நிவாரணம் கோரிப் போகுமிடத்தில் முதலில் கேட்கப்படுவது காகிதமேயன்றிக் கண்ணீரன்று. 2018-ஆம் ஆண்டில் கஜா புயல் கரை கடந்தது நள்ளிரவுக்குப் பின்னரே. ஆகையால் படகின் இயந்திரத்தைக் கழற்றி மேட்டில் சேர்ப்பதும், மாடுகளைத் தும்பவிழ்த்து விடுவதும் பகல் வெளிச்சத்திலேயே முடியட்டும். பேறுகாலம் நெருங்கிய பெண்களையும் நடமாட இயலாத முதியோரையும் கடைசி வண்டிக்கென நிறுத்திவைத்தல் தகாது.

புயலின் கண் கடக்கையில் காற்று சட்டென ஓயும். அபாயம் நீங்கிற்றென நம்பிக் கூரையைப் பார்க்க வெளியே வருவோரை, எதிர்த்திசையிலிருந்து எழும் இரண்டாம் காற்று மூர்க்கமாகத் தாக்கக்கூடும். சந்தேகமிருப்பின் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.